கடிகாரத்தின் பின்மூடி

ரிப்பேர்க் கடை மைதீன் பாய் கைக்கடிகாரத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

அவள் பார்க்க விரும்பாத பக்கம் அதுதான்.

பின்மூடியில் வெட்டியிருந்த ‘அன்புடன்’ முக்கால்வாசி தேய்ந்து போய்விட்டிருந்தது. அதன் கீழே ‘தமயந்தி’ மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

தமயந்தி, அவள் கணவரின் முதல் மனைவி. போய்ச் சேர்ந்து பதினொரு வருடம். பீரோவின் மேல்தட்டு இன்னும் அவளுடையதுதான்.

வருடத்தில் ஒரு நாள், திதியன்று, அவர் குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறப்பார். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். காதில் வைத்துக் கேட்பார். முகம் இளகும். பிறகு பஞ்சில் பொதிந்து மறுபடி உள்ளே வைத்துவிடுவார்.

எட்டு வருடமாக அவளுக்குக் கிடைக்காத முகம் அது.

பொறாமைதான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். உயிரோடு இருப்பவள் என்றால் சண்டையாவது போடலாம்.

இந்தத் திதிக்குக் கடிகாரம் ஓடவில்லை. அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சரிபண்ணிக் கொண்டுவருகிறேன் என்று அவள்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள். நல்ல மனசில் செய்த காரியமில்லை அது.

“உள்ள சுத்தம் பண்ணி எண்ணெய் விட்டா ஓடிரும்மா. மேல எவ்வளவு தூரம் கை வைக்கிறதுன்னு நீங்கதான் சொல்லணும்” என்றார் பாய். “பாலீஷ் போட்டா புதுசாட்டம் ஆயிரும். ஆனா இந்த எழுத்து போயிரும்.”

பாய் அவள் வயிற்றில் பால் வார்த்தார்.

போகட்டுமே. கேட்காமல் பாலீஷ் போட்டுவிட்டார் என்று பழியையும் பாய் தலையிலேயே போட்டுவிடலாம்.

ஆனால் கணவர் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். அதன் பிறகு அந்தப் பெயர் எங்கே போய் உட்காரும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே எந்தப் பாலீஷும் எட்டாது.

“இல்லேன்னா எழுத்தை ஆழமா வெட்டிக் குடுத்துர்றேன். காலத்துக்கும் நிக்கும்.”

“ஐயோ, வேண்டாம்.”

பாய் லென்சைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். “பித்தளைதான், மேல முலாம். வேர்வை தின்னிருக்கு. தினமும் கட்டியிருக்காரு போல.”

கட்டியிருக்கிறார். தமயந்தி இருந்தவரைக்கும் தினமும். இத்தனையும் அப்போது தேய்ந்ததுதான். பெட்டிக்குள் போன பதினொரு வருடத்தில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

அவள் முதல்முறையாகப் பின்மூடியைத் தொட்டாள். பெயரின் கடைசி எழுத்து விரலில் லேசாக வழுக்கியது.

“எழுத்துல கை வைக்காதீங்க பாய். ஓடினா போதும்.”

“சரிம்மா. பத்திரமா பெட்டில வச்சுக்கறதுக்குத்தானே?”

“இல்ல. இனிமே தினமும் கட்டிப்பார். நானே கட்டிவிடுவேன்.”

“குடுத்துவச்ச மனுஷன்” என்று பாய் சிரித்தார்.

அவள் படியிறங்கினாள். பாதி வழியில் நின்று திரும்பி வந்தாள்.

“செயின்ல ஒரு கண்ணி எடுத்துடுங்க பாய். அவர் கை இப்ப இளைச்சிருக்கு. தோலோட ஒட்டி இருக்கணும்.”