தூணைக் கழுவியவள்

"அம்மா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. படத்துல விழுதீங்க."

கேமராவோடு நின்ற பத்திரிகைக்காரர் சொன்னதும் அவள் நகர்ந்தாள். கையிலிருந்த வாளி தளும்பி அழுக்குத் தண்ணீர் புடவையில் விழுந்தது.

நந்தி மண்டபத்தில் அறக்கட்டளைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன். கையில் புதுத் துடைப்பம். உறைகூடப் பிரிக்கவில்லை.

ஒருவர் மட்டும் குனிந்து தூணடியைத் தேய்ப்பதுபோல் நின்றார். முகத்தைக் கேமராவுக்குக் காட்டிச் சிரித்தார். பத்திரிகைக்காரர் படம் எடுத்துக்கொண்டார்.

தேய்க்க அங்கே என்ன இருந்தது?

விளக்குப் போட வந்தவர்களெல்லாம் கையைத் துடைத்துத் துடைத்துத் தார்போல இறுகிக் கிடந்த எண்ணெய்ப் பிசுக்கு. கோயில் துப்புரவுக்கு வந்த அவளுடைய உழவாரக் குழு விடிந்ததிலிருந்து அதைச் சுரண்டி எடுத்திருந்தது. இப்போதுதான் கல் கண்ணுக்குத் தெரிந்தது.

படம் முடிந்தது. அவர்கள் இறங்கிப் போனார்கள். ஈரத் தரை முழுக்க மண்கால் தடம்.

இதே மண்டபத்தில் வாராவாரம் சைவ சித்தாந்த வகுப்பு எடுப்பவள் அவள். செம்பில் களிம்புபோல உயிரோடு ஒட்டிக் கிடப்பது ஆணவம் என்று போன வாரம்கூடச் சொல்லியிருந்தாள். சிவன் பணியில் நான் என்பது செத்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள்.

இப்போது அது எதுவும் நினைவுக்கு வரவில்லை. காது மடல் எரிந்தது.

"வெக்கமா இல்ல?"

அவள் குரல் பிரகாரம் முழுக்கக் கேட்டது.

"அந்தத் தூணக் கழுவுனது நானு. வருசா வருசம் இந்தக் கோயில் அழுக்க எடுக்கது நானு. நீங்க வந்து பல்லக் காட்டிட்டுப் போவீய, நான் ஓரமா நிக்கணுமோ?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்கள்.

குழுவில் இருந்த ஆவுடை அவள் முழங்கையைத் தொட்டாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"அக்கா, அது சொர்ணம் கழுவுன தூணுல்லா. நீங்க மடப்பள்ளிப் பக்கம்லா நின்னீய."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

குழுவுக்குப் புதிதாக வந்த சொர்ணம் குழாயடியில் குத்தவைத்துத் துணி அலசிக்கொண்டிருந்தாள். இரண்டு விரலில் கந்தல் சுற்றியிருந்தது. எல்லாம் காதில் விழுந்திருக்கும். தலை குனிந்தே இருந்தது.

கோபம் அப்படியேதான் இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பத்திரிகைக்காரர் மட்டும் திரும்பி வந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது.

"தப்பா எடுத்துக்கிடாதீங்கம்மா. அந்தப் படம் வேண்டாம். தூணக் கழுவுனவங்க படத்தயே போடுதேன். பேரு சொல்லுங்க."

குழு மொத்தமும் பார்த்தது.

இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. தன் பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தித்தித்தது.

விழுங்கினாள்.

"சொர்ணம்."

குழாயடியில் தலை நிமிர்ந்தது.

"என்னக்கா, கூப்பிட்டீயளா?"

அவள் குழாயடிக்குப் போய்க் கை நீட்டினாள்.

"எந்திரி. துணிய எங்கிட்டக் குடு."