முப்பது மில்லிமீட்டர்

'ஜூலை 9. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். கார் சக்கரத்துக்கு ஐந்து மில்லிமீட்டருக்குப் பதில் முப்பது மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டுவிட்டேன்.'

மாலை வகுப்பில் மெக்கானிக் வேலை படிக்கும் சின்ன மகள் இதை எழுதி முடிப்பதற்குள் வாசலில் அப்பா கத்தினார்.

"அடியே மெக்கானிக்! வண்டி ஏன் வெளிய வரமாட்டேங்குது?"

கேட்டின் இருபுறமும் இருந்த காவல் கற்களுக்கு நடுவே, பானைக்குள் தலையை விட்ட பூனை மாதிரி கார் மாட்டிக்கொண்டு நின்றது.

"புது வீலுக்கு ஆப்செட் அதிகம்பா. சக்கரம் உள்பக்கமாத் தள்ளி நின்னு உரசுச்சு. வெளிய தள்ளத்தான் நடுவுல இந்த ஸ்பேசர் தட்டை வெச்சேன். ஜாஸ்தியாப் போயி இப்பக் கல்லுல இடிக்குது."

"அளக்கத் தெரியாதவகிட்ட வண்டியைக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்! நாளைக்குப் பேத்தியை நான்தான் ஸ்கூல்ல விடணும். இப்படிக் கூண்டுல அடைச்சுட்டியே! கழட்டு!"

"ஸ்பேனர் வாத்தியாரோடதுப்பா. கொடுத்துட்டேன்."

அப்பா ஸ்பேசர் டப்பாவை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். கடைசியில் அவளிடமே நீட்டினார்.

"எத்தனைன்னு நீயே படி."

எண் உள்ளங்கை அகலத்துக்கு அச்சாகியிருந்தது.

"முப்பதுப்பா."

போன வாரம் பேத்தியோடு அவர் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனபோது பின்சீட்டில் இந்தச் சின்ன மகளும் இருந்தாள். டாக்டரிடம் கண்ணைக் காட்டலாம் என்று அவள் சொன்னதற்கு மூன்று நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் அவள் அந்தக் கற்களின் இடைவெளியை மூன்று முறை அளந்தாள். பிறகுதான் ஸ்பேசர் வாங்கினாள்.

உள்ளே வந்து, அப்பாவிடம் சொல்லப் பழகுவதற்காக எழுதியிருந்த அந்தத் 'தவறு' வரிகளை அடித்தாள். சரியாகத்தான் செய்தோமா என்று சற்று யோசித்தாள். பிறகு கீழே எழுதினாள்:

'நாளை காலை ஒன்பது மணி. கண் டாக்டர். அப்பாவோடு பஸ்ஸில்.'