காலையில் வந்தவன்

சிங்கப்பூரிலிருந்து சென்னை ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர். விமானத்தில் நான்கு மணி நேரம். அங்கிருந்து தியாகதுருகத்துக்குப் பேருந்தில் இன்னும் ஆறு. எப்படிக் கணக்குப் போட்டாலும் செங்குட்டுவனால் மாலைக்கு முன் வந்திருக்க முடியாது. தனக்காகக் காத்திருக்க வேண்டாம், கோமதியை எடுத்துவிடுங்கள் என்று போனில் சொன்னதும் அவன்தான். கணவன் இடத்தில் நின்று அவளுக்குக் கொள்ளி வைத்தது யார் என்று மட்டும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

வாசலில் மாமியார் பச்சையம்மாள் அவன் தலையையே பார்த்தாள்.

“இன்னா மாப்ள இது? காலையில மொட்ட அடிச்சிக்கினு நீங்கதான கொள்ளி வச்சீங்க? அதுக்குள்ள ஏது முடி?”

“காலையில நான் பிளேன்ல இருந்தேன் அத்த. யாரு வச்சாங்க, உண்மையச் சொல்லுங்க.”

“தூங்காம ஒளறாதீங்க. குளிச்சிட்டு அவ ரூம்லதான படுத்துக்கினு இருந்தீங்க? எப்ப வெளிய போனீங்க?”

வேறு யாரையோ வைத்துக் காரியத்தை முடித்துவிட்டு மறைக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. கொடியில் அவனுடைய கல்யாண வேட்டி ஈரத்தோடு தொங்கியது. அறைக் கதவைத் தள்ளினான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினான்.

வளையல் ஓசை கதவை நோக்கி வந்தது.

“தொறக்காத கோமதி,” என்று உள்ளிருந்து அவனுடைய குரலே சொன்னது.