வியாழக்கிழமைக் கடை

“கடையைத் திறந்து வைக்க இந்தக் கிழவிக்கு வியாழக்கிழமைதானா கிடைச்சுது!”

கெய்லீன் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

தெருக்கோடியில் சர்ச். அதன் பின்னால் சின்ன ஹால். ஆறரை மணிக்கு அங்கேதான் கூட்டம். குடியை விட நினைக்கிறவர்கள் கூடுகிற கூட்டம். ஹாலுக்குப் போகிற கேட்டை ஒட்டியே சர்ச்சின் பழைய துணிக்கடை. அதன் ஜன்னலோரம் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஸ்வெட்டர் பின்னியபடி டல்சி.

ஊரே ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடும். டல்சி மட்டும் வியாழக்கிழமைகளில் ஏழரை வரை உட்கார்ந்திருப்பாள். பகலில் சேர்த்த வம்பு பத்தவில்லை போலிருக்கிறது என்பார்கள். பேக்கரிக்காரர் தலையில் இருப்பது சொந்த முடி இல்லை என்று ஊருக்குச் சொன்னதே அவள்தான்.

கெய்லீன் பாலர் பள்ளி டீச்சர். டல்சி கண்ணில் பட்டால் அவ்வளவுதான். அப்புறம் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்?

போகாமலும் இருக்க முடியாது. இத்தனை நாள் ராத்திரி மட்டும் என்றிருந்தது. நேற்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது, காபிக் கோப்பையில் ஒயினை ஊற்றக் கை தானாகப் போய்விட்டது. ஊற்றியதைக் கொட்டிவிட்டு, லீவு சொல்லிவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகுதான் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள்.

“உங்க ஊர்லயே வியாழக்கிழமை இருக்கும்மா,” என்றது அந்தக் குரல்.

“ஐயோ, எங்க ஊர் வேணாம். வேற ஊர் சொல்லுங்க.”

“அடுத்தது நூத்தம்பது கிலோமீட்டர். இருட்டுல கங்காரு குறுக்கே பாயும். பரவாயில்லையா?”

கங்காருவுக்கு அவள் பயப்படவில்லை. வழியில் வருகிற மதுக்கடைகளுக்குத்தான் பயந்தாள்.

இப்போது கேட்டைத் தாண்டி நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடியும் தாண்டினாள். எதிரே மீன் பொரித்து விற்கிற கடை வாசலில் ஷெய்ன். அவன் மகள் இவள் வகுப்பில்தான் இருக்கிறாள்.

“என்ன டீச்சர், வாக்கிங்கா?”

“ஆ... ஆமா ஷெய்ன்.”

அந்த நேரம் பார்த்து, கறிக்கடை கெவ் ஒரு கால்சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டல்சி கடைக்குள் நுழைந்தார்.

ஷெய்ன் சிரித்தான். “பார்த்தீங்களா? மாடு மாடா விக்கிறாரு, போடுறது பழைய துணி. கஞ்சப் பிசினாறி!”

கெய்லீனுக்குச் சிரிப்பு வரவில்லை. போதும், வீட்டுக்குப் போய்விடலாம். ஃப்ரிட்ஜில் இன்னும் அரைப் பெட்டி ஒயின் இருக்கிறது. நினைத்ததுமே நாக்கில் எச்சில் ஊறியது. அதுதான் அவளை நடுங்க வைத்தது.

“ஏய், கெய்லீன்!”

தெருவே திரும்பிப் பார்க்கிற குரல். டல்சி கடை வாசலில் நின்றிருந்தாள்.

“எத்தனை தடவைடி குறுக்கும் நெடுக்கும் நடப்பே? உள்ள வா!”

“இல்ல டல்சி, நான் சும்மா...”

“என்ன சும்மா? உனக்குன்னு ஒரு கம்பளிக் கோட்டு எடுத்து வெச்சிருக்கேன். வந்து போட்டுப் பாரு.”

கையைப் பிடித்து இழுத்தேவிட்டாள்.

ஷெய்ன் தெருவைக் கடந்து வாசலுக்கே வந்துவிட்டான். “என்ன கோட்டு டல்சி? நாங்களும் பார்க்கிறோமே!”

“பொம்பளைங்க துணி மாத்துற இடத்துல உனக்கு என்னடா வேலை? கோட்டு, பாவாடைன்னு ஒரு மணி நேரம் ஆகும். போடா, உன் மீன் ஆறிடப் போகுது!”

ஒரு மணி நேரமா!  அதற்குள் டல்சி எல்லாவற்றையும் கறந்துவிடுவாளே.

டல்சி ஒரு பழுப்புக் கோட்டை அவள் கையில் திணித்தாள். கடையின் கோடியில் தொங்கிய திரையைக் காட்டினாள். “போ, அங்க போய்ப் போட்டுப் பாரு.”

கெய்லீன் திரையை விலக்கினாள். கண்ணாடியைக் காணோம். கோட்டை மாட்ட ஓர் ஆணிகூட இல்லை. இருந்தது ஒரு கதவுதான், பாதி திறந்தபடி. அந்தப் பக்கம் ஹால். வட்டமாக நாற்காலிகள், காபி வாசனை. ஒரு நாற்காலியில் கறிக்கடை கெவ், மடியில் அந்தக் கால்சட்டையோடு.

அவர் பக்கத்து நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார்.

கெய்லீன் திரும்பினாள். கண்ணில் நீர் முட்டியது. “டல்சி... நீங்களா...”

“எங்க வீட்டுக்காரர் அந்தக் கேட் வரைக்கும் வந்தாருடி.” டல்சிக்கு இவ்வளவு மெல்லப் பேசத் தெரியும் என்று யார் சொன்னாலும் ஊர் நம்பாது. “எதிர்க் கடையில ஆளுங்க நிக்கிறதைப் பார்த்தாரு. திரும்பிட்டாரு. அப்புறம் வரவே இல்லை. அந்தக் குடியிலேயே போய்ச் சேர்ந்தாரு.”

“வெளியில யாராவது கேட்டா?”

“கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுவேன். ஒரு கோட்டுக்காக நீ ஒரு மணி நேரம் என் உயிரை எடுத்தேன்னு நாளைக்குக் காலையில ஊருக்கே தெரிஞ்சிடும்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவளை மெல்ல உள்ளே தள்ளினாள்.

“போகும்போது கோட்டை எடுத்துட்டுப் போ. அடுத்த வியாழன் அளவு சரியில்லைன்னு திருப்பிக் கொண்டு வா. கெவ் ஒன்பது வருஷமா அதே கால்சட்டையைத்தான் மாத்திக்கிட்டு இருக்காரு.”