வெளியே போகும் சூடு

நிம்மதியான தூக்கத்துக்கு மெக்கானிக் சொன்ன விலை மூன்று லட்சம்; மருமகள் பேசிய பேரத்தில் இரண்டேமுக்காலுக்குப் படிந்தது.

“ஹீட் பம்ப் ஒண்ணே போதும்மா. கோடையில வீட்டுச் சூட்டை வெளிய தள்ளும், குளிர்காலத்துல வெளிச் சூட்டை உள்ள இழுக்கும். கரண்ட் பில்லும் பாதியாயிடும்.”

“எல்லாம் மாமாவோட ரிட்டயர்மென்ட் பணம். அப்படியே தூக்கிக் குடுத்துட்டார்!”

“புண்ணியவான், இனி வருஷம் பூரா சுகமா இருப்பார். வெளி யூனிட் எங்க வைக்க?”

“பின் பால்கனியில.”

மெக்கானிக் கதவைத் திறந்தார். மடக்குக் கட்டிலில் படுத்திருந்த மாமனார் எழுந்து உட்கார்ந்து, காலைச் சுருக்கி இடம் விட்டார்.

“ஐயா, இது கோடையில அனலா ஊதும், குளிர்ல சில்லுனு ஊதும்.”

“ஊதட்டும் தம்பி. நான் ஓரமாப் படுத்துக்கிறேன்.”

மெக்கானிக் கருவிப் பையை மூடித் தோளில் மாட்டினார். வாங்கிய முன்பணத்தைப் பெரியவர் மடியில் வைத்தார்.

“இருபதாயிரம் இருக்கு, எண்ணிக்குங்க. பாக்கிய உங்க மகன்கிட்ட கேட்டு வாங்கிக்குங்க.”