மாப்பிள்ளைக்கு ஓர் ஆள்

இருபதடி தூரம். அதற்கு மேல் நெருங்கினால் காரியம் கெட்டது.

பரிசோதகர் தொப்பியை நெற்றிவரை இறக்கிவிட்டுக்கொண்டு, ஓரமாக நின்ற பால் வேனுக்குப் பின்னால் பதுங்கினார்.

முன்னால், நடைபாதையில், அவருடைய நாய் போய்க்கொண்டிருந்தது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தது, இன்று காலை ஆறரை மணிக்கு முதன்முதலாகப் பார்த்த ஒரு பெண்மணி.

ரயிலில் முப்பத்திரண்டு வருடம் டிக்கெட் பரிசோதித்த மனிதர் அவர். டிக்கெட் இல்லாதவனை, அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்புகிற தினுசிலேயே பிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர், நாயை நடத்திப்போக வந்த ஆளை நம்பி அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிப்பாரா?

போன மாதம் இதே தெருவில்தான், கையில் கயிற்றோடு சுருண்டு விழுந்தார். இதயம்.

நாயோடு நடப்பது கூடவே கூடாது, தனியாக வெளியே போவதும் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

டாக்டராவது பரவாயில்லை. மனைவி கெடுவே வைத்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆள் கிடைக்கலேன்னா, மாப்பிள்ளை என் தம்பி தோட்டத்துக்குப் போயிடும். சொல்லிட்டேன்."

மாப்பிள்ளை என்பது நாய்க்கு வைத்த பெயர். வந்த நாளிலிருந்து வேளாவேளைக்கு உபசாரம். கொஞ்சம் குறைந்தாலும் மூலையில் போய்ப் படுத்து முறைப்பு. வேறெந்தப் பெயரும் அதற்குப் பொருந்தவில்லை.

இன்று சனிக்கிழமை.

இதற்குள் மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். புதன்கிழமை வந்தவன் ஜிம் உடம்புக்காரன். வியாழக்கிழமை வந்தவன் நாயைவிட போனை அதிகம் பார்த்தான். நேற்று வந்தவர் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஏஜென்சி ஆள், நாய்க்கே கைகுலுக்கியவர்.

மூன்று பேரிடமும் மாப்பிள்ளை செய்தது ஒன்றுதான். இருபதடி நடக்கும். உட்காரும். திரும்பிப் பார்க்கும். இழுத்தால் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு மூக்கால் அழும்.

மறைந்து நின்று பார்த்த பரிசோதகர் மூன்று பேருக்கும் ஒரே தீர்ப்பு எழுதினார். ஆள் சரியில்லை. நாய் கண்டுபிடித்துவிட்டது.

நான்காவது ஆள்தான் இந்த மீட்டரம்மா. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர்.

"இருபத்தஞ்சு வருஷம் நாய்ங்க என்னை ஓட வெச்சுது சார். இப்ப நான் அதுங்களை நடக்க வெக்கிறேன். அவ்வளவுதான்" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுக் கயிற்றுக்குக் கை நீட்டினார்.

பேச்சு பிடித்திருந்தது. ஆனால் பேச்சை வைத்து ஆளை எடை போட முடியுமா?

பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

மாப்பிள்ளை உட்கார்ந்தது. திரும்பிப் பார்த்தது.

போச்சு, இதுவும் போச்சு. நாளை காலை மச்சினன் வண்டியோடு வந்துவிடுவான்.

மீட்டரம்மா இழுக்கவில்லை. அதட்டவில்லை. நாய் பார்த்த திசையைத் தானும் நிதானமாகப் பார்த்தார். பிறகு நாயோடு திரும்பி நடந்து, நேராகப் பால் வேனுக்கே வந்துவிட்டார்.

"வெளிய வாங்க சார். நாய் இருக்கிற வீட்டுக் கேட்டைத் திறந்து பழகினவ நான். எது எங்க பதுங்கியிருக்குன்னு பாக்காம ஓரடி எடுத்து வெக்க மாட்டேன்."

பரிசோதகர் அசடு வழிய வெளியே வந்தார். மாப்பிள்ளை அவர் முழங்காலில் முகத்தைத் தேய்த்தது.

"அதுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கு சார். வீட்டு ஆளு பின்னாடி வந்தா, அது எப்படி விட்டுட்டு முன்னாடி போகும்?"

ஜிம்காரன். போன்காரன். கைகுலுக்கியவர். அநியாயமாக மூன்று பேருக்குத் தண்டனை போட்டிருந்தார்.

"நான் நகரலை. நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"சரி சார். அப்புறம் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடுங்க."

ரெண்டு பேரா? கேட்பதற்குள் மீட்டரம்மா நடையைக் கட்டிவிட்டார்.

பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

மாப்பிள்ளை ஒரு முறை திரும்பியது. அவர் வேனோரமாகவே நிற்பதைப் பார்த்தது. அவ்வளவுதான். வாலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டது. முப்பது. நாற்பது. தெருமுனை.

அப்பாடா! தோட்டமாவது, மச்சினனாவது. திங்கட்கிழமையிலிருந்து தினமும் இந்த அம்மாதான். பரிசோதகர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே வீட்டுப் பக்கம் திரும்பினார்.

சரியாக இருபதடி பின்னால், மருந்துக்கடைத் தூணுக்கு அந்தப்புறம், ஒரு மடக்கு நாற்காலி நீட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி. இன்னொரு கையில் தண்ணீர் பாட்டிலும் மாத்திரைப் பட்டையும்.

மனைவி வந்தார். கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. நாற்காலியை நடைபாதை நடுவில் விரித்துப் போட்டார். பிறகுதான் வாய் திறந்தது.

"நாலு நாளா இதைத் தூக்கிட்டு உங்க பின்னாடி அலையறேன். எந்த எடத்துல விழுந்து வெப்பீங்களோன்னு. அந்த வாயில்லாத ஜீவனுக்குக்கூட இருபதடிக்கு ஒரு தடவை திரும்பிப் பாக்கத் தோணுது. நீங்க ஒரு தடவை பாத்தீங்களா?"

பரிசோதகர், டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி விழித்தார்.

பிறகு, நாற்காலியில் உட்கார்ந்தார்.