ஐந்தாவது விளையாட்டு

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, சிங்கப்பூரிலிருந்து என் வீட்டுக்காரர் ஐந்தாவது போன் விளையாட்டை அனுப்பினார்.

"இது நல்லாருக்கும் விஜி, இறக்கு" என்று கூடவே ஒரு செய்தி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலு மாதத்தில் ஐந்து. முதலில் துப்பாக்கி. அப்புறம் கார். அப்புறம் கோட்டை கட்டிச் சண்டை போடுவது. நாலாவது மறுபடி துப்பாக்கி, ஆனால் பனிமலையில். எதிரே உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ யார் யாரோ வருவார்கள். நானும் அவரும் ஒரே கட்சி. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டால் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கும்.

ஒன்றைத் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடிக்கும். அவரை ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்ல வைக்கக் கூடாது என்று, வேலை விட்டு வந்து தினமும் தனியாகப் பழகுவேன். கை ஓடத் தொடங்கியதும் அவருக்கு அலுத்துவிடும்.

பனிமலையில் எனக்குத் தங்கப் பட்டம் கிடைத்திருந்தது. அவருக்கு வெள்ளிதான். போன ஞாயிறு எட்டு ஆட்டம் ஆடி ஏழு ஜெயித்தோம். அவர் வாய் திறப்பதற்குள் நான் சுட்டு முடித்திருப்பேன்.

அதைத்தான் விட்டுவிட்டு வர வேண்டுமாம்.

அவருக்குச் சங்கரநாராயணன் என்று பெயர். சங்கரன்கோவிலில் கல்லெறிந்தால் ஒரு சங்கரநாராயணன் மேல்தான் விழும். சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்ற சண்டைக்குப் பாதி இது, பாதி அது என்று நின்று காட்டியவர் எங்கள் ஊர்ச் சாமி. அவர் பெயரை வைத்துக்கொண்ட மனிதர் ஒன்றில் நிற்பார் என்று நினைத்தது என் தப்பு.

இந்தப் பழக்கத்தை ஆரம்பித்ததும் அவர்தான்.

கல்யாணத்துக்கு இருபத்தெட்டு நாள் லீவில் வந்திருந்தார். அதில் இருபத்திரண்டு நாள் விருந்து. சிவகிரி பெரியம்மா வீடு, கரிவலம் சித்தப்பா வீடு, ராஜபாளையத்தில் மட்டும் நாலு வீடு. போன இடமெல்லாம் கறிச்சோறு, வேட்டி சேலை, திரும்பும்போது பஸ்ஸில் தூக்கம். பக்கத்திலேயே இருந்த மனிதரோடு நாலு வார்த்தை பேச வாய்க்கவில்லை.

விமானம் ஏறிய பிறகு போனில் மூன்றே கேள்விகள். சாப்பிட்டாச்சா, மழை உண்டா, அம்மா எங்கே. அதற்கப்புறம் ஒருவர் மூச்சு விடுவதை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்போம். கையில் ஏதாவது வேலை இருந்தால் பேச்சு வரும் என்று சொல்லி அவர்தான் முதல் துப்பாக்கியை அனுப்பினார்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசில் கனகலட்சுமி அக்காவிடம், நாலாவது விளையாட்டு வந்த அன்று இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு கேம்ல ஒரு மாசம் நிக்க மாட்டேங்காரு. ஒன்கிட்ட நிப்பாராட்டி?"

கேலிக்குத்தான் கேட்டார். எனக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. பழகி முடித்ததும் அலுத்துப்போகிற ஆள் என்றால், நானும் ஒருநாள் அலுத்துத்தானே போவேன்? அடுத்த லீவுக்கு இன்னும் ஒன்பது மாதம் கிடக்கிறது. அன்றிலிருந்து எனக்குப் பயம்தான்.

சரி, தொலையட்டும் என்று ஐந்தாவதை இறக்கப் போனேன். இடமில்லை என்றது போன். எதையாவது அழி என்று ஒரு பட்டியலை நீட்டியது. அதில் முதலில் நின்றது எங்கள் கல்யாண வீடியோ.

அவ்வளவுதான். கூப்பிட்டுவிட்டேன்.

"இனிமே நான் ஆட மாட்டேன். ஒண்ணுல நிக்கதா இருந்தா சொல்லுங்க, இல்லன்னா ஆள விடுங்க. எதுக்கு இப்படி மாத்திக்கிட்டே இருக்கீங்க? நான் என்ன, தோக்கவா செய்தேன்?"

அவர் அறையில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள், அது மட்டும் கேட்டது. நெட் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"நீ தோக்கல விஜி" என்றார். "ஆட வராத வரைக்கும் ஏதாவது கேட்டுக்கிட்டே இருப்ப. எங்க ஒளியணும், இது எதுக்கு, நீங்க எங்க நிக்கீங்கன்னு. படிச்சிட்டன்னா பேச்சையே நிப்பாட்டிருத. போன ஞாயித்துக்கிழம எட்டு ஆட்டம் ஆடுனோம். எங்கிட்ட நீ ஒரு வார்த்த பேசல."

பேசினேனே என்று சொல்ல வாயெடுத்தேன். கடைசியில் 'சரி, வைக்கட்டுமா' என்று கேட்டது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

பட்டியலில் பனிமலையைத் தொட்டு அழித்தேன். தங்கப் பட்டமும் அதோடு போயிற்று.

புதியது இறங்கி முடியப் பத்து நிமிடம் ஆனது. அதுவரை அவர் போனை வைக்கவில்லை.

திறந்தது. ஒரு வெட்டவெளி. அதில் நானும் அவரும் ஆளுக்கொரு தொப்பியோடு நின்றோம்.

எந்த விளையாட்டானாலும் நடப்பதற்கு இடது கட்டைவிரல்தான். நாலு மாதம் பழகிய விரல், சொல்லாமலே தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

அதை எடுத்துவிட்டேன்.

"ஏங்க, இதுல நடக்கதுக்கு எதை அமுக்கணும்?" என்று கேட்டேன்.